முந்நூறு என்னும் எண்

விளையாட்டைக் குறித்து நமது சஞ்சிகையில் வெளிவருவன பெரும்பாலும், இவ்வருஷம் எக்கட்சி எக்கோப்பையைக் கைக்கொண்டது என்னும் அறிக்கைகளே. அவற்றை நாம் இழித்துரைக்கவில்லை. பிற்காலத்தில் பழைய மாணவர் முதலில் புரட்டிப் பார்க்கும் பக்கங்கள் அவையே என்பதை அறிவோம். ஆயினும் விளையாட்டிலும் எளிதில் விடை கூறமுடியாத வினாக்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்றை இங்கு எடுத்துக்கொள்ளத் துணிந்தோம். வயது முதிர்ந்து, தோள் தளர்ந்து, களத்தை விட்டு நீங்கவேண்டிய காலம் வந்துற்ற ஒருவன், இன்னும் இரண்டொரு வெற்றி கிட்டினால் ஒரு பெரிய எண்ணை எட்டிவிடலாம் என்ற ஒரே காரணத்தால் அங்கேயே நின்றுகொண்டிருப்பது தகுமா? இவ்வினா எல்லா ஆட்டங்களிலும் எழுவதேயாயினும், அமெரிக்கரது பேஸ்பாலில் எழுவதுபோல் வேறெங்கும் கூர்மையாக எழுவதில்லை.

நமது மைதானத்தில் கிரிக்கெட்டே அரசு செலுத்துவதால், அவ்வாட்டத்தின் கணக்கு முறையைச் சற்று விளக்கவேண்டியது அவசியம். பேஸ்பாலில் கட்சிக்கு ஒன்பது பேர். அவருள் பந்தெறிவோன் களத்தின் நடுவே ஒரு சிறு மேட்டின்மீது நின்று, 60 அடி 6 அங்குல தூரத்திலுள்ள மட்டையாளனை நோக்கி எறிவான். ஆட்டத்திற்கு ஒன்பது சுற்றுகள். முதலிலிருந்து எறிபவன் ஐந்து சுற்றுகளையேனும் முடித்து, தன் கட்சி முன்னணியில் இருக்கும்போது விலகி, அம்முன்னணி இறுதிவரை கெடாது நிற்குமாயின், அந்த வெற்றி அவன் பெயரில் எழுதப்படும். ஒன்பது பேர் ஓடி ஆடி வென்றதை ஒருவன் பெயரில் பற்று வைக்கும் விசித்திரமான பேரேடு இது. அவன் எவ்வளவு நன்றாக எறிந்தாலும், அவனது கட்சியார் ஓட்டம் எடுக்காவிடில் வெற்றி இல்லை. மோசமாக எறிந்தாலும், அவர்கள் ஏராளமாக எடுத்துவிட்டால் வெற்றி உண்டு. 2018-ஆம் வருஷத்தில் நியூயார்க் மெட்ஸ் கட்சியைச் சேர்ந்த ஜேக்கப் டிகிராம் என்பவர் ஒன்பது சுற்றுக்கு 1.70 ஓட்டம் என்னும் அரிய விகிதத்தில் எறிந்தும், அவர் கணக்கில் ஏறிய வெற்றிகள் பத்தே. அவ்வருஷம் தமது சங்கத்தின் சிறந்த பந்தெறிவோருக்குரிய பரிசு அவருக்கே அளிக்கப்பட்டதனால், அறிந்தோர் இப்பேரேட்டை எவ்வளவு மதிக்கின்றனர் என்பது விளங்கும்.

எனினும் பொதுமக்கள் மதிக்கின்றனர். முந்நூறு வெற்றி என்பது அந்நாட்டில் ஒரு கோட்டைவாயில். வருஷத்திற்குப் பதினைந்து வெற்றி வீதம் இருபது வருஷம் பெற்றாலன்றி அவ்வாயிலை அணுக இயலாது. அணுகியவர் 2025-ஆம் வருஷ முடிவு வரையில் இருபத்துநால்வரே. அவருள் இறுதியாக வந்தவர் 2009-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அவ்வெண்ணை எட்டிய ராண்டி ஜான்ஸன். பழங்காலத்து ஸை யங் என்பார் 511 வெற்றி பெற்றது இனி எவரும் எட்டவியலாத தூரம் என்று விட்டுவிடுகின்றனர். ஆனால் முந்நூறு மாத்திரம், எட்டக்கூடும்போலவும் எட்டாததுபோலவும், முதியவர் கண்ணெதிரே தொங்கிக்கொண்டேயிருக்கிறது.

அத்தகையோருள் ஏர்லி வின் என்பவரின் கதையையே நாம் விரிவாகக் கூற விரும்புகிறோம். அவர் அலபாமா மாகாணத்தில் ஹார்ட்போர்டு என்னும் சிற்றூரில் 1920-ஆம் வருஷம் பிறந்தவர். பத்தொன்பது வயதில், 1939-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், வாஷிங்டன் கட்சிக்காக முதன்முதல் மேட்டில் ஏறினார். பின்னர் கிளீவ்லாந்தில் பெரும்புகழ் எய்தினார். அதன்பின் சிக்காகோ சென்றார். 1959-இல், முப்பத்தொன்பதாம் பிராயத்தில், 22 வெற்றி பெற்றுத் தம் கட்சியைச் சங்கத்தின் முதலிடத்திற்கு ஏற்றினார். மட்டையாளரிடம் தயை தாட்சிணியம் காட்டாத முரடர் என்று பெயரெடுத்தவர். தம்மை நெருங்கி நிற்பவன் மார்புக்கு நேரே பந்தை விடுக்க அஞ்சமாட்டார். அன்று நிறுத்தியிருந்தால் கீர்த்தியோடு நிறுத்தியிருப்பார். நிறுத்தவில்லை.

1962-ஆம் வருஷத்தில் அவருக்கு வயது நாற்பத்திரண்டு. கீல்வாதம் கை கால்களைப் பற்றியிருந்தது. அவ்வருஷத்தில் ஏழு வெற்றியும் பதினைந்து தோல்வியும். அந்த ஏழாவது வெற்றியோடு அவரது மொத்தம் 299 ஆயிற்று. பின்னும் பன்முறை முயன்றார், முந்நூறாவது வரவில்லை. பருவம் முடிந்ததும் சிக்காகோக் கட்சியார் அவரை விடுவித்துவிட்டனர். அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் அவருக்கு இடமளிப்பார் ஒருவருமில்லை. ஒன்று குறையும் முந்நூறோடு அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார். 1963-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் பழைய கிளீவ்லாந்துக் கட்சியார் அழைத்தபோது எழுந்து போனார்.

அவ்வருஷம் ஜூலை மாதம் 13-ந் தேதி கான்ஸாஸ் நகரில், அன்றைய இரண்டாவது ஆட்டத்தில், அவர் எறியத் தொடங்கினார். வலுமிக்க பந்து அவர் கையில் அப்போது இல்லை. சூதும் அனுபவமுமே இருந்தன. ஐந்தாம் சுற்றில் அவருடைய கட்சியார் தாராளமாக ஓட்டம் சேர்த்துக்கொடுத்தனர். அதே சுற்றில் அவரும் தாராளமாகத் திருப்பிக் கொடுத்தார். விதி கேட்கும் ஐந்து சுற்றை எப்படியோ முடித்து, ஐந்துக்கு நான்கு என்னும் ஓர் ஓட்ட முன்னணியோடு அவர் மேட்டை விட்டு இறங்கினார். அதன்மேல் எறியச் சக்தியில்லை. மீதி நான்கு சுற்றும் அவர் வெளியே இருந்து பார்த்துக்கொண்டிருக்கவேண்டியதாயிற்று. இருபத்துநான்கு வருஷ உழைப்பின் கடைசி எண் வேறொருவன் கையில் இருந்தது. அவ்வேறொருவர் ஜெரி வாக்கர் என்னும் இளைஞர். அவர் நான்கு சுற்றிலும் எதிர்க்கட்சிக்கு ஓர் ஓட்டமும் விட்டுக்கொடுக்கவில்லை. ஏழுக்கு நான்கு என்று ஆட்டம் முடிந்தது. முந்நூறு வந்துவிட்டது. அதன்பின் வின் பெற்ற வெற்றி ஒன்றுமில்லை. அவர் பெயர் இன்றும் சரியாக 300 என்றே நிற்கிறது.

இதைப் பெருமை என்பதா, பரிதாபம் என்பதா?

பரிதாபமே என்று கூறுவோர் பலர். அவர் வாதத்தில் பொருளுண்டு. 299 வெற்றி பெற்றவனுக்கும் 300 வெற்றி பெற்றவனுக்கும் திறமையில் வேற்றுமை யாது? ஒரு சாதாரண இரவில், அரைகுறையாக எறிந்த ஐந்து சுற்று, இருபது வருஷத்திற்கு மகுடம் ஆவதெப்படி? நம்மிடையே நூற்றுக்கு ஐம்பத்தொன்பது மார்க்கு வாங்கிய மாணவனுக்கும் அறுபது வாங்கியவனுக்கும் அறிவில் உள்ள தூரம் எவ்வளவோ அவ்வளவே இதுவும். ஆனால் ஒருவன் முதல் வகுப்பு, மற்றவன் இரண்டாம் வகுப்பு. இவ்வநீதியை ஒவ்வொரு வருஷமும் ஆசிரியர் குழு கூடிச் செய்துவரும் நாம், அமெரிக்கரைப் பார்த்து நகைப்பது அழகன்று. பூஜ்யங்களில் முடியும் எண்களின்மேல் மனிதருக்குள்ள மோகம் கண்டங்கடந்தது.

அன்றியும், அவ்வெண்தானும் எவ்வளவு உறுதியுடையது? குரோவர் கிளீவ்லாந்து அலெக்ஸாண்டர் என்னும் பெரும் பந்தெறிவோர் 1929-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தமது 373-ஆவது வெற்றியைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. கிறிஸ்டி மாத்யூஸன் 372 வெற்றியோடு நின்றவர் என்று அந்நாளில் கணக்கிருந்தபடியால், அவரை ஒன்றால் விஞ்சிவிட்டதாக அலெக்ஸாண்டரும் உலகமும் நம்பினர். அதன்பின் அலெக்ஸாண்டருக்கும் ஒரு வெற்றியும் வரவில்லை. 1930-இல் மூன்று தோல்வியோடு ஆட்டவாழ்வு முடிந்தது. வருஷங்கள் சென்றபின் பழைய ஏடுகளைத் துருவி ஆராய்ந்தவர்கள் 1902-ஆம் வருஷத்து ஆட்டம் ஒன்றில் மாத்யூஸனுக்குச் சேரவேண்டிய வெற்றி விட்டுப்போயிருந்ததைக் கண்டு, அவருக்கும் 373 என்று திருத்தினர். முதியவர் உடல் நொந்து பெற்றதைக் கணக்கப்பிள்ளையின் பேனா ஒரு கோட்டில் சமன்செய்துவிட்டது. மாத்யூஸன் 1925-லேயே காலஞ்சென்றவர். தாம் ஒன்று கூடுதலாகப் பெற்றது அவருக்கே தெரியாது.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பிறகும், நாம் வின்னைக் குறைகூறத் தயாராயில்லை. எண்ணின்மேல் மோகங்கொண்டவர் அவர் மட்டுமல்லர். அவ்வெண்ணை வாயிலாக நாட்டி, உள்ளே வந்தவருக்குச் சிலை வைத்து, வெளியே நின்றவரை மறந்தவர் பார்வையாளரும் பத்திரிகைக்காரருமே. டாமி ஜான் என்பவர் 288 வெற்றியோடு 1989-இல் நீங்கினார். பத்திரிகை எழுத்தாளர் வாக்கினால் கீர்த்திமண்டபத்தில் இடம்பெறும் வாய்ப்பு அவருக்குப் பதினைந்து வருஷம் இருந்தது. அது கழிந்தும் இடம் கிட்டவில்லை. 287 வெற்றி பெற்ற பெர்ட் பிளைலெவன் அம்மண்டபத்தின் வாயிலில் பதினான்காம் முறை வரையில் காத்திருந்து, 2011-இல்தான் உட்புகுந்தார். இன்னும் பதின்மூன்று வெற்றி இருந்திருந்தால் அவரை இவ்வாறு நிறுத்தி வைத்திருப்பார்களென்று நமக்குத் தோன்றவில்லை. இப்படி வாயிலைக் கட்டி வைத்துவிட்டு, அதை நோக்கி நொண்டிக்கொண்டு வருபவனைப் பார்த்து, “ஆசை விடவில்லையே” என்று அனுதாபப்படுவது என்ன நியாயம்?

ஆனால் ஒன்று கேட்கவேண்டும். முதியவர் எண்ணைத் தேடும்போது அதன் செலவு யாருடையது? இங்கேதான் நாம் சற்றுக் கண்டிப்பாயிருக்க நினைக்கிறோம். 2011-ஆம் வருஷம் பாஸ்டன் கட்சியின் டிம் வேக்பீல்டு நாற்பத்தைந்தாம் பிராயத்தை நெருங்கியிருந்தார். ஜூலை மாதம் 24-ந் தேதி 199-ஆவது வெற்றி கிடைத்தது. இருநூறாவதற்கு அவர் எட்டுமுறை எறியவேண்டியதாயிற்று. செப்டம்பர் 13-ந் தேதி, கட்சியார் பதினெட்டு ஓட்டம் வாரி வழங்கிய பின்னரே அது வந்தது. அதே செப்டம்பரில் அக்கட்சி தோல்விமேல் தோல்வியடைந்து, பருவத்தின் கடைசி நாளில், ஓர் ஆட்டத்தினால், இறுதிப் பந்தயங்களுக்குரிய இடத்தை இழந்தது. ஓர் ஆட்டம்! கிழவருக்கு எண் தேடிக்கொடுக்கப்போய்க் கட்சி குடிமுழுகிற்று என்று பழிப்பார் வாயை இது திறந்துவிட்டது. உள்ளபடி நோக்கினால் பழி முழுதும் அவருக்குரியதன்று. மற்றப் பந்தெறிவோர் காயமுற்றும் தளர்ந்தும் கிடந்தமையால், வேறு ஆளின்றியே அவரை அடிக்கடி மேட்டிலேற்றினர். பதினேழு வருஷம் அக்கட்சிக்காக, தொடக்கத்திலோ முடிவிலோ, எங்கே நில் என்றாலும் நின்றவர் அவர். எனினும் அவர் இருநூறு எனும் எண்ணோடு கூட இந்த நினைவும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவ்வெண்ணை மேலும் பெருக்க அவர் முயலவில்லை. அடுத்த பிப்ரவரியில் விலகிவிட்டார்.

வின்னின் விஷயம் வேறு. கிளீவ்லாந்து அவ்வருஷம் எப்பந்தயத்தையும் வெல்லும் நிலையில் இல்லை. அவரால் இடமிழந்து பசியோடு போனவன் ஒருவனில்லை. அவராக வாயிலிற் போய் நின்றவருமல்லர், அழைத்ததனால் போனார். இவ்வளவு இருக்கையில், ஒரு மனிதன் தன் வேலையை முழு எண்ணில் முடிக்க விரும்புவது, தச்சன் கடைசி ஆணியையும் அடித்துவிட்டே எழ விரும்புவதைப் போன்றதேயன்றி வேறல்ல என்பது நமது கருத்து.

நாளை முதலிற் குறித்துக்கொண்டு, பின் எண்ணைத் தேடினவர்களைப் பார்க்கும்போது இன்னும் அதிக மரியாதை தோன்றுகிறது. கண்டியிற் பிறந்த தமிழரான முத்தையா முரளிதரன் 2010-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் காலியில் இந்தியாவுக்கெதிராக ஆடப்போகும் டெஸ்டு ஆட்டமே தமக்குக் கடைசி என்று முன்னதாகவே அறிவித்துவிட்டார். அப்போது அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 792. எண்ணூற்றுக்கு எட்டு வேண்டும், ஆட்டமோ ஒன்றே. முதல் இன்னிங்ஸில் ஐந்து கிடைத்தன. இரண்டாவதில் இரண்டு வந்து 799 ஆனபின், இந்தியாவின் பின்வரிசையார் நெடுநேரம் நின்றுகொண்டனர். மறுமுனையில் எறிபவர் இறுதி விக்கெட்டை எடுத்துவிட்டால் எண்ணம் பாழ். முடிவில் அவர் டெஸ்டு ஆட்டத்தில் எறிந்த கடைசிப் பந்திலேயே பிரக்ஞான் ஓஜா பிடிகொடுத்து வீழ்ந்தார். வராமற் போயிருந்தால் 799 என்றே போயிருப்பார். மற்றொரு தொடரில் ஒரு விக்கெட்டுக்காக வந்து நின்றிருக்கமாட்டார் என்றே நாம் எண்ணுகிறோம். செயிண்ட் லூயி நகரத்து ஆடம் வெயின்ரைட்டும் 2023-ஆம் வருஷமே தமக்குக் கடைசி என்று முன்பே கூறிவிட்டு, 195 வெற்றியோடு அப்பருவத்தைத் தொடங்கினார். ஐந்து வெற்றி என்பது அவருக்கு முன்னெல்லாம் ஒரு மாதத்து வேலை. அவ்வருஷமோ 198-ஐ எட்டியபின் ஜூன் முதல் செப்டம்பர் வரை தொடர்ந்து பத்துத் தோல்வி. பார்க்கச் சகியாத காட்சி. பிறகு செப்டம்பர் 18-ந் தேதி மில்வாக்கிக் கட்சிக்கெதிராக ஏழு சுற்றில் ஓர் ஓட்டமும் கொடாமல் எறிந்து, ஒன்றுக்குப் பூஜ்யம் என்னும் கணக்கில் இருநூறாவதைப் பெற்றார். அதன்பின் அவர் பந்தெறியவேயில்லை.

எண்ணை ஏறிட்டுப் பாராமலே இறங்கிச் சென்றவரும் உண்டு. மைக் முஸினா 2008-ஆம் வருஷத்தில், தமது முப்பத்தொன்பதாம் வயதில், வாழ்நாளில் முதன்முறையாக ஒரே பருவத்தில் இருபது வெற்றி பெற்றார். மொத்தம் 270. இன்னும் இரண்டு மூன்று பருவம் நின்றால் முந்நூறு கைக்கெட்டும் என்று எல்லாரும் கூறினர். அவர் வீட்டுக்குப் போய்விட்டார். இத்தகைய துறவை நாம் வியக்கிறோம். ஆயினும், எல்லாரும் முஸினாவாக இருக்கவேண்டும் என்று விதிக்க நாம் யார்? இதற்கு நேர்மாறாக, ஜஸ்டின் வெர்லாண்டர் நாற்பத்திரண்டு வயதில் 2025-ஆம் வருஷத்துப் பருவத்தின் முற்பாதி முழுவதும் ஒரு வெற்றியுமின்றி எறிந்துகொண்டேயிருந்தார். பருவ முடிவில் நான்கு வெற்றி, பதினொரு தோல்வி, மொத்தம் 266. அவர் எறிந்த பந்தில் பெருங்குறை இருந்ததாகச் சொல்வதற்கில்லை. அவர் கட்சியார் ஓட்டம் எடுக்கவில்லை. பேரேட்டின் கொடுமை இது.

ஜெரி வாக்கரைப்பற்றி ஒரு வார்த்தை கூறாது முடிக்க மனம் வரவில்லை. கான்ஸாஸ் நகரத்து அன்றைய இரவைப்பற்றி எழுதுவோர் யாவரும் வின்னின் ஐந்து சுற்றையே எழுதுகின்றனர். அவ்வைந்திலும் நான்கு ஓட்டம் போயின. வாக்கரின் நான்கில் ஒன்றும் போகவில்லை. ஓர் ஓட்ட முன்னணியைக் கையிலேந்திக்கொண்டு, தன் பிழை ஒன்றால் ஒரு கிழவரின் வாழ்நாட் கணக்குக் கெடும் என்று அறிந்து, இருபத்துநான்கு வயதில் நான்கு சுற்று எறிவது சிறு காரியமன்று. அவ்வாறு காத்துக்கொடுத்தவனுக்குப் பேரேட்டில் தனிப் பத்தி 1969-ஆம் வருஷம் வரையில் ஏற்படவேயில்லை. வாக்கர் பிறந்தது 1939-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம். வின் முதன்முதல் மேட்டில் ஏறிய அதே வருஷம். வின் 1964-இல் கிளீவ்லாந்துக் கட்சியின் பந்தெறிவோருக்குப் பயிற்சியாளராக அமர்ந்தார். அதே 1964-உடன் வாக்கரின் ஆட்டவாழ்வும் முடிந்தது. அவர் பெயரில் உள்ள வெற்றிகள் 37. கான்ஸாஸ் நகரத்து அவ்வெற்றி அவற்றுள் ஒன்றன்று.